கல்லுக்கடியில் இருந்தது

மச்சான்,

காலையில் எதிர்வீட்டுச் சமையலறைக்குக் கல் அறுத்தார்கள். தண்ணீர் ஊற்றி அறுக்கும்போது கிளம்புமே, அந்த நனைந்த தூள் வாசனை, தெருவைத் தாண்டி என் கட்டில் வரைக்கும் வந்துவிட்டது. இட்லித் தட்டைத் தள்ளி வைத்தேன். மருமகளைக் கூப்பிட்டு, நான் சொல்லச் சொல்ல எழுதம்மா என்றேன். யாருக்கு என்று கேட்டாள். உன் பேரைச் சொன்னதும் பேனாவை எடுத்தாள்.

நம் குப்பம் ஊர்க் குவாரிக் கல் வெளிநாட்டுக்குக் கப்பலேறத் தொடங்கிய வருஷம் அது. சரிந்த பாறைக்கு அடியில் காலையிலிருந்து பொழுது சாயும்வரை கிடந்தேன். கடப்பாரையால் நெம்பி என்னை வெளியே இழுத்தவன் நீ. நான் சிரித்துக்கொண்டிருந்தேனாம். "என் தங்கச்சிக்கு இன்னா பதில் சொல்றதுன்னு நான் கீறேன், நீ சிரிக்கிறியாடா?" என்று ஒரு அறை விட்டாய். என்ன செய்வேன், உள்ளே ஒன்று இருந்தது. யாரும் வரவில்லை, எதுவும் காதில் விழவில்லை. ஆனாலும் இருந்தது. செத்தாலும் சரி என்று ஆகிவிட்டது.

உயிர் பிழைத்தவன் ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து, கர்த்தர் காப்பாற்றியதைச் சாட்சியாகச் சொல்ல வேண்டுமே. எழுந்து நின்று, "இருந்துச்சு" என்றேன். அதற்கு மேல் வரவில்லை, உட்கார்ந்துவிட்டேன். உபதேசியார் நல்ல மனுஷர். வீட்டுக்கே வந்து, வெளிச்சம் தெரிந்ததா, வெள்ளை அங்கியோடு யாராவது கை நீட்டினார்களா என்று கேட்டார். வார்த்தை கிடைத்ததே என்ற ஆசையில் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அவர் கோத்துக் கொடுத்ததை ஒரே தடவையில் மனப்பாடம் செய்தேன். எழுத்தறியாதவன் மனசில் ஏறினால் லேசில் இறங்காது. பலமனேர், சித்தூர் என்று ஜெபக் கூட்டந்தோறும் போய்ச் சொன்னேன். ஜனங்கள் அழுதார்கள். நீ மட்டும் வாசலில் என்னை மடக்கி, "வெள்ள அங்கியா? அத்தினி கல்லுத்தூளுல அழுக்காவலையா, மச்சான்?" என்பாய்.

பிறகு நீ பெங்களூருக்குக் கல் பாலிஷ் வேலைக்குப் போனாய். அங்கே மாடிமேல் மாடி ஏறிக்கொண்டிருந்த காலம். நெஞ்சு நிறையத் தூளோடு திரும்பி வந்தாய். திருப்பதி ஆஸ்பத்திரியில், வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கிக் கேட்டாய்:

"ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சியே, அது வாணாம். உள்ள இன்னா இருந்துச்சு? எனக்கு பயமா கீதுடா."

வாயைத் திறந்தேன். வெள்ளை அங்கிதான் வந்தது. நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினேன். மறுபடியும் அதேதான். "தமிழ்ல வரலன்னா தெலுங்குல சொல்லு" என்றாய். தெலுங்கிலும் அதுவே வந்தது. நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். மறுநாள் நீ இல்லை.

அந்தச் சாட்சி இன்றும் ஒரு சொல் பிசகாமல் எனக்கு வரும். பாறைக்கு அடியில் இருந்ததைத்தான் காணோம். கண்ணை மூடித் தேடினால் அங்கிக்காரர் முன்னால் வந்து நின்றுகொள்கிறார். இப்போது எனக்கும் பயம் வந்துவிட்டது, மச்சான். நீ கேட்டதையே நானும் கேட்டுக்கொண்டு கிடக்கிறேன். தெரிந்தவன் உலகத்தில் ஒருத்தன்தான் இருந்தான், அன்றைக்குப் பாறைக்கு அடியில் கிடந்தவன். அவனுக்கும் மறந்துவிட்டது.