மஸ்கட் போக ஒரு பி.ஏ. குறைவு

24.5.2010

விடியும்போதே புழுக்கம். மீன்பிடித் தடைக்காலம் இந்த வாரத்தோடு முடிகிறது. கடையில் கயிறும் மிதவையும் நிற்காமல் போகின்றன. தேவனாம்பட்டினத்து ஆள் ஒருவன் நைலான் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தான்.

"போன தடவ குடுத்தது சுறாவுக்குத் தாங்கலண்ணே."

"சுறாவுக்கு நான் விக்கல மச்சான். உனக்குத்தான் வித்தேன்."

சிரித்துக்கொண்டே இரண்டு கட்டு வாங்கிப் போனான்.

அதற்கு முன் காலை ஆறு மணி இங்கிலீஷ் வகுப்பு, கடை மாடியில். வெளிநாட்டு வேலைக்குப் போகிற நர்ஸ் பெண்கள், இரண்டு வெல்டர்கள். ஏர்போர்ட் பாடம். நான்தான் அந்த நாட்டு அதிகாரி. கேள்வி கேட்டு, பதிலையும் சொல்லிக் கொடுக்க வேண்டும். எல்லோரும் ஒரே குரலில் திருப்பிச் சொல்ல வேண்டும். "ஐ ஆம் எ வெல்டர்" என்றால் நர்ஸ்களும் சேர்ந்து "ஐ ஆம் எ வெல்டர்" என்கிறார்கள். எத்தனை முறை சொன்னாலும் நிறுத்துவதில்லை.

மதியம் மஸ்கட்டிலிருந்து சுமதி போன். அங்கே ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் நிலையத்துக்கு வாத்தியார் தேவையாம். அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலிருந்து நடந்து போகிற தூரம்.

"டிகிரி இருக்கான்னு மொதலாளி கேட்டாரு. எம்.ஏ. இங்கிலீஷுன்னேன். ஆடிப் போயிட்டாருங்க."

அதன் பிறகு கயிறு அளந்ததில் ஒருவனுக்கு ஜாஸ்தி போய்விட்டது. திருப்பிக் கேட்கவில்லை.

26.5.2010

மஞ்சக்குப்பம் பிரவுசிங் சென்டர். கேமரா வழியாக டெமோ வகுப்பு. நடுவில் கரண்ட் போனது, யு.பி.எஸ். காப்பாற்றியது. நிலையத்து முதலாளி கோட்டயத்துக்காரர். 'மாஷே, மாஷே' என்று கூப்பிட்டார். வாத்தியார் என்று அர்த்தமாம். பாடம் நன்றாகவே போனது.

அவருக்குப் பின்னால் சுமதி. டியூட்டி முடித்த உடுப்போடு. கண்ணாடி போட்டிருக்கிறாள். எப்போது போட்டாள்? என்னிடம் சொல்லவே இல்லை. கேட்கலாம் என்றால் டெமோ ஓடிக்கொண்டிருக்கிறது. கட்டிக்கொண்டவள் முகத்தில் ஒரு கண்ணாடி வந்ததை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு பிரசன்ட் டென்ஸ் நடத்தினேன்.

2.6.2010

தேர்வாகிவிட்டேன்! சான்றிதழ்களில் அரசு முத்திரை வாங்கி அனுப்பினால் விசா.

எடுத்துப்போக வேண்டியவை:
– முழுக்கைச் சட்டை மூன்று (அரைக்கை வேண்டாம், வாத்தியார்)
– நெத்திலிக் கருவாடு, வாசனை வராமல் கட்ட
– நார்த்தங்காய் ஊறுகாய், அவள் அம்மாவிடம்
– தலைவலித் தைலம், இரண்டு

நர்ஸ் ஹாஸ்டலில் புருஷனுக்கு இடமில்லை. சு. வெளியே ஒரு அறை பார்த்து வைத்திருக்கிறாள். "ஜன்னலத் தொறந்தா கடல் தெரியாதுங்க. மொட்டை மலதான்." மலையே இருக்கட்டும். கடல்தான் இங்கே தினமும் பார்க்கிறேனே.

அவளுக்காகத்தான் இந்த வகுப்பையே ஆரம்பித்தேன். பொட்டலம் மடிக்க வாங்கும் பழைய இங்கிலீஷ் பேப்பரைப் படித்துப் படித்து நான் பிடித்துக்கொண்ட பாஷை. அடுப்படியில் நின்றபடி அவளைச் சொல்ல வைத்தேன். இன்டர்வியூவில் ஒரே தடவையில் தேறினாள். நான் கற்றுக்கொடுத்த இங்கிலீஷில் என்னை விட்டுப் போனாள். நாலு வருஷம்.

9.6.2010 சிதம்பரம்

மச்சினன் செந்தில் வீட்டில் சாப்பாடு, பிறகு கீழ வீதியில் முத்திரை வாங்கித் தரும் ஏஜென்ட். ஏதோ ஆபீசில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். தெருவில் கோயிலுக்கு வந்த பஸ் கூட்டம். என் காகிதங்களை இரண்டு தடவை புரட்டினார்.

"எம்.ஏ. இருக்கு. பி.ஏ. எங்க?"

"எம்.ஏ.தான் இருக்குங்களே. அது பெருசுதானே?"

"மாடி இருக்குது சார். வீடு எங்கன்னு கேக்குறேன்."

செந்திலுக்குச் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டான்.

"சரி, பிளஸ் டூ?"

"பத்தாவது."

பேனாவை மூடினார். "தெறந்தவெளிப் படிப்பா? வயசு இருந்தாப் போதும்னு நேரா எம்.ஏ. சேத்துக்கிட்டாங்களா? மாசத்துக்கு நாலு பேரு இப்படி வர்றாங்க சார். வெளிநாட்டுக்காரன் பி.ஏ.வுலேர்ந்துதான் கேப்பான். உங்கள டிகிரியே இல்லாதவர்னுதான் எழுதுவான்."

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் சீட். டிக்கெட் இரண்டும் செந்தில்தான் எடுத்தான். என்னைக் கடை வரை விடத் துணைக்கு வந்தான், பாவம்.

10.6.2010

மழை வரும் போலிருந்து வரவில்லை.

என்னை யாரும் ஏமாற்றவில்லை. பி.ஏ. மூன்று வருஷம், எம்.ஏ. இரண்டே வருஷம், இரண்டில் எது வேண்டும் என்று சேரும்போதே கேட்டார்கள். மொத்த வியாபாரியிடமே நேராகப் போக முடிகிறபோது எவனாவது சில்லறைக் கடையில் நிற்பானா? அப்படித்தான் கணக்குப் போட்டேன். பரீட்சை எழுதியதும் இதே சிதம்பரத்தில்தான். எழுதி முடித்த அன்று சு.வோடு கொத்சு சாப்பிட்டேன். "எம்.ஏ.காரரே, தண்ணி எடுங்க" என்றாள்.

இனி பிளஸ் டூ, அப்புறம் பி.ஏ. ஐந்து வருஷம்.

14.6.2010

செந்தில் கடைக்கு வந்தான். கல்லா பக்கத்தில் குனிந்து:

"மாமா, மெட்ராஸ்ல ஒரு ஆளு இருக்கான். பி.ஏ. என்ன, பி.எல்.லே அடிச்சித் தருவான். ஒரிஜினலே தோத்துடும்."

"மாட்டுனா?"

"எவன் மாமா பாக்கப் போறான்?"

"உங்க அக்கா அதே ஊர்ல வேல பாக்குறா. என்னோட மாட்டுறது அவளுந்தான். போய் டீ சொல்லு."

டீ சொன்னான். நான் யோக்கியன் என்பதால் மறுக்கவில்லை. கயிற்றில் கலப்பு இருந்தால் கரையில் தெரியாது, கடலுக்குள் போன பிறகுதான் தெரியும். அங்கே அறுந்தால் அவள்தான் போவாள்.

18.6.2010

சு. போன். முதலில் வேறு என்னென்னவோ பேசினாள். தலைவலி, சூப்பர்வைசர், புளி விலை. அப்புறம்தான் மெதுவாக:

"கோட்டயத்துக்காரரோட தம்பி இங்க ஹார்டுவேர் கடை வச்சிருக்காரு. சேல்ஸ்மேன் விசா ஒண்ணு இருக்காம். அதுக்குப் பத்தாவது போதுமாம்."

கல்லாவைச் சாத்தினேன்.

"லைன்ல இருக்கீங்களா?"

"பதினாறு வயசுலேர்ந்து கயிறு அளக்குறேன். அங்க வந்தும் அளக்கணுமா?"

"அளந்தா என்ன?"

"இங்க நான் மொதலாளிடி. அங்க கூலி."

"நான் மட்டும் இங்க மொதலாளியா? நாலு வருஷமா பெட்பேன் தூக்குறேன். யாராச்சும் மேடம்னு கூப்புடுறாங்களா?"

வைத்துவிட்டாள். தலைவலிக்குத்தான் கண்ணாடியா என்று இன்றும் கேட்கவில்லை.

19.6.2010

இரண்டு தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. வியாபாரம் சுமார்.

25.6.2010

வெள்ளிக்கிழமை, அவளுக்கு லீவு. அவளே கூப்பிட்டாள். கோபம் போயிருந்தது. அது போனதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நீங்க பி.ஏ. முடிங்க. நான் காண்ட்ராக்ட்ட நீட்டிக்கிறேன். இன்னும் அஞ்சு வருஷம்தானே."

'தானே' என்றாள். பழகிவிட்டவள் பேச்சு. நானும் பழகத்தான் செய்கிறேன். கட்டிலில் அவள் பக்கம் ஸ்டாக் புத்தகமும் துவைத்த துணியும் கிடக்கின்றன. முதல் வருஷம் அங்கே எதையும் வைக்க மாட்டேன்.

"அந்த ஹார்டுவேர் விசா இன்னும் இருக்கா?"

"உங்களுக்குப் பிடிக்காது. வேணாங்க."

"இருக்கா, இல்லியா?"

"இருக்கு."

"நான் வரேன்னு சொல்லு."

அழுதாளா சிரித்தாளா, தெரியவில்லை. லைன் சரியில்லை.

2.8.2010

விசா வந்தது. கடையை செந்தில் பார்த்துக்கொள்வான். பாலியெஸ்டர் கயிற்றையும் நைலானையும் இன்னும் மாற்றிச் சொல்கிறான். வாங்க வருகிறவர்கள் சொல்லிக்கொடுப்பார்கள்.

வாங்கி வைத்த முழுக்கைச் சட்டைகளைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். ஜவுளிக் கடைக்காரர் வாங்கிக்கொள்ளவில்லை. சரி, அதையும் கட்டிக்கொள்கிறேன். தைலம் வாங்கியாயிற்று. கருவாடு நாளை.

8.8.2010

கடைசி வகுப்பு. லேசான தூறல். ஆனாலும் எல்லோரும் வந்துவிட்டார்கள். மேசையில் மிக்சர், ஒரு பேனா, ஒரு சால்வை. ஏர்போர்ட் பாடத்தை இன்று மாற்றிப் போடலாம் என்றது வெல்டர் பாபு. அவன் அதிகாரி, நான் பயணி. என் நாற்காலியில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினான்.

"வாட் இஸ் த பர்ப்பஸ் ஆஃப் யுவர் விசிட்?"

சொன்னேன்.

"வாட் இஸ் யுவர் ஜாப்?"

முன்வரிசை நர்ஸ் பெண் பதில் தெரிந்ததுபோல் சிரித்துக்கொண்டிருந்தாள். என்ன வேலைக்குப் போகிறேன் என்று நான் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை. இத்தனை வருஷமாக இந்தக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்லக் கற்றுக்கொடுத்தவன் நான்.

"ஐ ஆம் எ சேல்ஸ்மேன்."

ஒரு நொடிதான். பிறகு பழக்க தோஷம், மொத்த வகுப்பும் ஒரே குரலில்:

"ஐ ஆம் எ சேல்ஸ்மேன்."

உச்சரிப்பு நன்றாகவே இருந்தது. திருத்த ஒன்றுமில்லை. இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றேன்.