ரெண்டுக்கே அமுக்கணும்

ஜனவரி 12

நோட்டன் பிரிட்ஜில் தப்புப் பறை அடிக்கும் குழுவைப் படம் எடுத்தோம். ஏழு பேர், ஆறு தப்பு. முத்துலிங்கம் அண்ணன் தன் தப்பை நெருப்பில் காய்ச்சப் போய்த் தோலைக் கருக்கிவிட்டு வெறுங்கையோடு நின்றார். நதா அவரைத்தான் நடுவில் நிறுத்தினாள்.

வழக்கம்போல நான் பேச்சுக் கொடுத்தேன், அவள் கேமராவோடு நின்றாள். நான் "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ண, ரெண்டுக்கே அமுக்கிவிட்டாள். மூன்று வரை போனால் எங்கள் ஆட்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடையாள அட்டைக்கு நிற்பதுபோல ஆகிவிடுவார்கள். நாலு வருடத்துக்கு முன் இதைக் கண்டுபிடித்தது நான். அவள் தான்தான் என்கிறாள். பேஸ்புக்கில் எங்கள் பக்கத்துக்குப் பெயரே 'ரெண்டு'.

திரும்பும்போது பஸ்ஸில் சொன்னாள்: "ஷாமிலா, வாப்பா மாப்பிள்ளை பாத்துட்டாங்க. கட்டார்ல வேலை. பெருநாள் முடிஞ்சதும் கல்யாணம். பொறகு நானும் அங்கதான்."

நான் வெளியே பார்த்துக்கொண்டு "நல்லது" என்றேன்.

நல்லதாம்.

ஜனவரி 14

பொங்கலுக்கு நதா எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நாலு வருடத்தில் முதல் தடவை. அவளுக்கு எடுத்து வைத்ததையும் நானே தின்று தீர்த்தேன். வயிறு வலிக்கிறது.

ஜனவரி 28

ஹட்டனில் அவளுடைய வாப்பா பைஸர் மாமாவின் ஸ்டூடியோவில்தான் எனக்கு வேலை. கிழமை நாட்களில் பாஸ்போர்ட் படம், அடையாள அட்டைப் படம். ஞாயிற்றுக்கிழமைதான் எங்களுடையது, கூத்தாடுகிறவர்கள், பாடுகிறவர்கள் என்று தேடிப் போவோம்.

இன்று நதா உடுப்பு எடுக்கக் கண்டிக்குப் போய்விட்டாள். பைஸர் மாமா கல்லாவில் உட்கார்ந்து அதே சில்லறையைத் திரும்பத் திரும்ப எண்ணினார். பிறகு, "நீயாச்சும் எங்கயும் போயிராத புள்ள" என்றார். கட்டிக் கொடுப்பதும் அவர்தான், கலங்குவதும் அவர்தான். அவரிடம் எப்படிக் கோபப்படுவது?

பிப்ரவரி 16

சண்டை.

எங்கள் தோட்டத்தில் மன்மதன் கதை ஆடுகிற காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டுவது அழகுமுத்து அண்ணன், தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்கிறவர். வேஷம் கட்டி முடித்து லயத்து வீட்டை விட்டு இறங்குமுன் அவர் பெண்சாதி வேலாயி அக்கா ரதிக்குப் பொட்டு வைத்துவிடும். தன் புருசனுக்கே. அந்த ஒரு படத்துக்கு ரெண்டு வருடமாக அலைகிறோம். முதல் வருடம் மழை. போன வருடம் பதற்றத்தில் என் வாய் மூன்று வரை போய்விட்டது. இரண்டு பேரும் விறைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு நதா ஒரு வாரம் என்னை "மூணு" என்றே கூப்பிட்டாள்.

இந்த வருடம் விட்டால் இனி இல்லை. அதைச் சொன்னதும் அவள் தலை குனிந்துகொண்டாள்.

"மாப்பிள்ளை வீட்டுல, தோட்டம் தோட்டமா கேமராவோட திரிய வேணாம்னு சொல்லியிருக்காங்க."

"நீ என்ன சொன்ன?"

"சரின்னேன்."

"எல்லாத்துக்கும் சரிதானா ஒனக்கு? என்னைய ஒரு வார்த்த கேட்டியா?"

கேட்டிருக்கக் கூடாதுதான். நான் யார் அவளுக்கு? போகாதடி என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? ஆனாலும் சொல்லத்தான் தோன்றுகிறது, காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும் வரைக்கும். போகாத. போகாதடி.

மார்ச் 1

கூத்துக்குப் பொட்டலில் காமன் கம்பம் ஊன்றியாகிவிட்டது. அழகுமுத்து அண்ணன் விரதம். நதாவுக்கும் நாளை நோன்பு தொடங்குகிறது. கடையில் நாங்கள் 'பேப்பர் முடிஞ்சிருச்சு', 'இங்க் வாங்கணும்' என்பதற்கு மேல் பேசுவதில்லை.

மார்ச் 14

வந்தாள்.

மத்தியானம் மூன்று மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. பைஸர் மாமாவே கூட்டிவந்திருந்தார். "நோன்பு தெறக்குறதுக்கு முன்னாடி வீட்டுல விடணும், வெரசா முடிங்க" என்று சொல்லிவிட்டு ஆட்டோவிலேயே உட்கார்ந்துகொண்டார்.

அழகுமுத்து அண்ணன் கொண்டையும் சேலையுமாகப் பலகையில் உட்கார்ந்திருந்தார். வேலாயி அக்கா டீ ஊற்றப் போனது. நதாவுக்கு நோன்பு என்றேன். "புள்ளையும் விரதம், நானும் விரதம்" என்றார் அண்ணன். "வேலாயி, நீ மட்டும் குடி." அக்கா சிரித்தபடியே குங்குமத்தில் விரலை வைத்தது. நெற்றிக்குக் கொண்டுபோனது. சிரிப்பு நின்று, தெரியாத ஒரு பெண்ணைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தது.

ஒண்ணு. ரெண்டு.

கிளிக் கேட்டது. நதா என்னைத் திரும்பிப் பார்த்தாள். படம் கிடைத்துவிட்டது என்று இருவருக்கும் தெரிந்தது. ஒரு மாதக் கோபம் எங்கே போனதோ.

ஆட்டோவுக்கு நடக்கும்போது, "கல்யாணத்துல பொம்பளைங்க பக்கம் நீதான் எடுக்கணும்" என்றாள்.

"நான் எண்ணுறவ. எனக்கு அமுக்க வராது."

"வரும். நான்தானே பழக்குனேன்."

"அப்ப எண்ணுறது யாரு?"

"நீயே எண்ணிக்க."

ஆட்டோ வளைவில் திரும்பும் வரை நின்றேன். பொட்டலில் தப்பு தொடங்கிவிட்டது. எனக்குப் போக மனமில்லை.

மார்ச் 31

நோன்புப் பெருநாள். நதா வீட்டிலிருந்து இனிப்பு வட்டிலப்பம் வந்தது. அம்மா, "ஏன்டி சாப்பிடாம அதையே பாத்துக்கிட்டு இருக்க" என்றாள்.

ஏப்ரல் 19

கல்யாணம் முடிந்தது.

மண்டபத்தின் பெண்கள் பக்கத்தில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தினேன். நடுவில் நதா, முழங்கை வரை மருதாணி. பக்கத்தில் அவள் உம்மா ஸுலைஹா மாமி, மாமியார், நாத்தனார்கள். சத்தமாக எண்ணினேன். ஒண்ணு, ரெண்டு.

கிளிக் கேட்கவில்லை. காத்திருந்தேன். ஏன் இன்னும் அமுக்காமல் இருக்கிறாள் என்று எரிச்சல்கூட வந்தது. அப்புறம்தான் உறைத்தது, கேமரா என் கையில் இருக்கிறது. அதற்குள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அப்படியே அமுக்கினேன்.

போகும்போது நதா என் கையைப் பிடித்தாள்.

ஏப்ரல் 24

நேற்று விமானம் ஏறிவிட்டாள். 'ரெண்டு' பக்கத்தில் வேலாயி அக்கா பொட்டு வைக்கிற படத்தைப் போட்டேன். அடியில் எப்போதும்போல இரண்டு பெயரும்.

கல்யாண ஆல்பத்துக்குப் படம் தெரிந்தெடுக்க ஸுலைஹா மாமி கடைக்கு வந்தார். அந்த வரிசைப் படத்தைப் பார்த்துவிட்டு, "எல்லாரும் நல்லா நிக்கிறாங்க, இவ மட்டும் ஏன் வெரல இப்படி வச்சிருக்கா? மருதாணி வெளங்கல. வேற குடு மகள்" என்றார். வேறு படம் கொடுத்தேன்.

அவர் போனதும் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லோரும் விறைத்து நிற்கிறார்கள். நதா நேராக என்னைப் பார்க்கிறாள். வலது கையில் ஆட்காட்டி விரல் மட்டும் மடங்கி, சேலை மடிப்பை அமுக்கியபடி இருக்கிறது.

ரெண்டுக்கே அமுக்கியிருக்கிறாள்.