பின்வாசல்

தம்பிக்கு,

சங்கத்துல சேராத அந்த நெட்டையனோட மோத நீ ஒத்துக்கிட்டேன்னு அம்மாதான் சொன்னாங்க. நீயே சொல்லியிருக்கலாம்.

கூண்டுச் சண்டையில அடிபட்டா வைத்தியத்தைப் போட்டி நடத்துற கம்பெனி பார்த்துக்கணும், அதுவரைக்கும் யாரும் சண்டைக்கு இறங்கக் கூடாதுன்னு ஜிம்ல கூடிப் பேசினப்போ முதல்ல கை தூக்கினது நீதான். "நீங்க தொழிலாளியே இல்லப்பா, ஒவ்வொருத்தனும் ஒரு முதலாளி. முதலாளிக்கு எதுக்குய்யா சங்கம்?"னு கம்பெனி மேனேஜர் கேட்டதுக்கு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சதும் நீதான்.

சங்கத்தை உடைக்க அவங்களுக்குத் தலைவன் என்னோட தம்பிதான் கிடைச்சான்.

உன் பொண்டாட்டிக்கு இது நிறைமாசம், காசு வேணும். எனக்குப் புரியுது. மத்தவங்க கேட்டா பேச்சை மாத்திடறேன்.

சனிக்கிழமை அரங்கத்து முன்வாசலை மறிச்சு நிக்கப் போறோம். நானும் நிக்கணும். நீ பின்வாசல் வழியா போயிடு. உன்னைப் பார்த்துக் கோஷம் போட என்னால ஆகாது.

அந்த நெட்டையன் வலது காலைத் தூக்குறப்போ நீ இடது கையை இறக்கிடுவே, உன் பழக்கம் அது. இறக்காதேடா. எனக்கு ஒரு கண்ணு போனது அவனோட அந்தக் காலாலதான்.

அண்ணன்