அக்கா குரலில் அந்தத் தெலுங்குப் பாட்டு

8.7.84, ஞாயிறு

காலையிலிருந்து வெயில். பிளாட்டில் காற்றே இல்லை. இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன், எனக்கு வெட்கம் தருவதையும் விடாமல். கதை கட்டினால் நானே கோடு போட்டு அடித்துவிடுவேன்.

முதல் உண்மை: சரோ அக்கா வேலைக்குப் போகாமல் ஒரு வாரம் ஆகிறது. பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் ஐந்து வருடமாக இருக்கிறாள். சீக்கிரம் லைன் லீடர் ஆக வேண்டியவள். அதே இடத்தில் டெக்னிஷியன் ரவி, தெலுங்குக்காரர். அக்காவைக் கட்டிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். இப்போது அவருடைய அம்மா, தெலுங்குப் பெண்தான் வேண்டும் என்று கூலிம் பக்கம் ஒருத்தியைப் பேசி முடித்துவிட்டார். ரவி மறுக்கவில்லை. கடைசியாகப் பார்த்தபோது அக்காவிடம் ஒரு கேசட் கொடுத்தாராம். இரண்டு பக்கமும் தெலுங்குப் படப் பாட்டு. எல்லாம் சோகம்.

அக்கா கேட்பது ஒரே பாட்டு. முடிந்ததும் பின்னால் சுற்றிவிட்டு மறுபடியும். எங்கள் யாருக்கும் தெலுங்கு தெரியாது. ஆனாலும் ஓரிடத்தில் பாடுகிறவர் குரலை மேலே கொண்டுபோய் அப்படியே விட்டுவிட்டு மூச்சு வாங்குவார். அங்கே அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்துகிறார். நான் வரலாற்றுப் புத்தகத்தில் அதே வரியைத் திரும்பப் படிக்கிறேன்.

மதியம் அம்மா: "வெள்ளிக்கிழம போயி வேல வேணாம்னு சொல்லிட்டு வந்துடு. நிபோங் திபால்ல மாமா வீட்ல இரு. தெனம் ஃபேக்டரி பஸ்ல அந்தப் பையன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு, கஷ்டம், சூசா லா."

அக்கா தலையாட்டினாள். அவ்வளவுதான்.

எனக்குச் சம்மதமில்லை. போனால் திரும்ப மாட்டாள். மாமி சமையலறையில் ஒரு மணை போட்டு உட்கார வைத்துவிடுவார். வெள்ளி வரை நேரம் இருக்கிறது. ஏதாவது செய்வேன்.

9.7.84, திங்கள்

மழை. காலுறை ஈரம். கணக்கில் 62 (அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை).

கேசட்டை அரிசி டின்னில் ஒளித்து வைத்தேன். அதுதான் அக்காவைக் கட்டிப் போட்டிருக்கிறது என்று நினைத்தேன். தவறு. அக்கா தேடினாள். யாரையும் கேட்கவில்லை. உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டே அந்தப் பாட்டை முதலிலிருந்து கடைசி வரை பாடினாள். பொருள் தெரியாத மொழி, ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை. மூச்சு வாங்கும் இடத்தில் அவளும் வாங்கினாள்.

அப்பா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார் (இரவுக் காவல் வேலை, பகலில் தூங்குவார்). திட்டு விழும் என்று நினைத்தேன். "டேப்புல பாடுறவன விட இவ பரவால்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டார்.

கேசட்டை எடுத்து அரிசித் தூசியைத் துடைத்தேன். மேல் விளிம்பில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் நாக்குகள் இரண்டும் உடைக்கப்பட்டிருக்கின்றன. மேலே வேறு எதையும் பதிந்துவிடக் கூடாது என்றால் அப்படி உடைப்பார்கள். ரவி உடைத்துக் கொடுத்திருக்கிறார்.

செய்ய வேண்டியவை: பாட்டின் பொருள். பிறகு அக்காவிடம் பேச்சு. புவியியல் வரைபடம் (புதன்).

10.7.84, செவ்வாய்

பத்மா என் வகுப்பு, எதிர் பிளாக், வீட்டில் தெலுங்கு. பொருள் கேட்டேன். "என்னைக் கேக்காத. தெலுங்குல திட்டினா புரியும். பாட்டெல்லாம் அம்மாவத்தான் கேக்கணும்."

பள்ளி விட்டதும் கேசட்டோடு போனேன். பத்மாவின் அம்மா சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். முதல் வரியிலேயே கை நின்றுவிட்டது.

"என்ன சொல்லுது ஆன்ட்டி?"

"அவன் ஆசப்பட்ட பொண்ணுக்கு வேற எடத்துல கல்யாணம். பல்லக்குல போறா. இவன் சொல்றான், பின்னாலயே தூசியா வர்றேன், திரும்பிப் பாக்காத, கண்ணுல விழுந்துருவேன்னு."

மூக்கை உறிஞ்சினார். எனக்கும் கண் கலங்கியது. தெரியாமல் கேட்டபோது இருந்ததைவிட இப்போது அதிகம்.

"ம்மா, பினஃபோர்" என்றாள் பத்மா.

புகை. ஓரத்தில் இஸ்திரிப் பெட்டியின் மூக்கு அளவுக்குப் பழுப்பு.

"பாட்டு போட்டா இவங்களுக்கு வீடே எரிஞ்சாலும் தெரியாது" என்றாள் பத்மா. அவள் அம்மா முதுகில் ஒன்று வைத்தார்.

கிளம்பும்போது கேட்டேன்: இதே மாதிரி பெண் பாடும் பாட்டு உண்டா?

"இதெல்லாம் ஆம்பளப் பாட்டு மா. தாடி வச்சிக்கிட்டு, குடிச்சிக்கிட்டுப் பாடுவான். அவ சன்னல்ல நின்னு கேப்பா."

படியில் இறங்கும்போதுதான் உறைத்தது. பல்லக்கில் போவது யார்? ரவி. தூசியாக நிற்பது யார்? அக்கா. அவன் கொடுத்துவிட்டுப் போன பாட்டில் மட்டும் எல்லாம் தலைகீழாக மாறியிருக்கிறது. நடுப்படியில் கோபம் தாங்காமல் நின்றேன். ஆனால் உண்மை எழுதுவேன் என்றேனே: கோபம் ரவிமேல்தான். பாட்டின்மேல் வரவில்லை.

11.7.84, புதன்

வரைபடம் கொடுத்தாயிற்று. ஆறுகளுக்கு நீலம் அடிக்க மறந்தேன்.

அம்மா அக்காவின் பையை எடுத்துத் துணி அடுக்க ஆரம்பித்துவிட்டார். ஃபேக்டரி மேலங்கியை அடியில் வைத்தார், இனி வேண்டாதது போல. அவர் பாசாருக்குப் போனதும் அக்காவிடம் பொருளைச் சொன்னேன். பல்லக்கு, தூசி, கண். தூசி வரியைத் திரும்பச் சொல்லச் சொன்னாள்.

"அப்ப அது அவன் பாடுறதா?"

"ஆமாக்கா."

"விட்டுட்டுப் போனது அவன்."

"ஆமா."

"அழுவுறதும் அவனேவா?"

சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அவள் சிரிப்பு நிற்காமல் வேறாகிவிட்டது. இத்தனை நாளில் அக்கா அழுது பார்த்தது இன்றுதான். என்ன செய்வதென்று தெரியாமல் மைலோ கலக்கிக் கொண்டுவந்து பிடித்துக்கொண்டே நின்றேன். ஆறிவிட்டது. அப்படியே குடித்தாள்.

சாயங்காலம் பாட்டு இல்லை. அம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது. "ஏன்டி, இன்னிக்கிப் போடலியா?"

12.7.84, வியாழன்

மேகம், மழை இல்லை. பத்மா பழுப்பு தெரியாமல் பினஃபோர் ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டு வந்தாள். முட்டிக்கு மேல் ஏறிவிட்டது. டீச்சரிடம் திட்டு. "எல்லாம் ஒங்க அக்காவால" என்றாள். பாதி ஐஸ் கச்சாங் கொடுத்தேன்.

அப்பா வேலைக்குப் போன பிறகு அக்கா பையிலிருந்த எல்லாவற்றையும் எடுத்தாள். அடியிலிருந்த மேலங்கியை உதறி இஸ்திரி போட்டாள்.

அம்மா: "வேலைய விடுறதுக்கு எதுக்குடி இஸ்திரி?"

"வேலைக்குத்தான் போறேன் ம்மா. விடல."

"அந்தப் பையன் பஸ்ல..."

"முன்னால ரெண்டாவது சீட்டு அஞ்சு வருசமா என்னோடது. அவனுக்குச் சூசான்னா அவன் மோட்டர் பைக்குல வரட்டும் லா."

அம்மா சமையலறைக்குள் போய்ப் பாத்திரத்தைச் சத்தமாகக் கழுவினார். எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. குதிக்கவில்லை.

பிறகு அக்கா செலோடேப் கேட்டாள். கொடுத்தேன். ரவியின் கேசட்டில் நாக்கு உடைந்த ஓட்டைமேல் ஒட்டினாள். அப்படி ஒட்டினால் மறுபடியும் பதியலாம்.

"அக்கா, அந்தப் பாட்டு அழிஞ்சிடும்."

"எனக்குத்தான் மனப்பாடமாத் தெரியுமே. நீ பதியிற ரெண்டு பட்டனையும் அமுக்கு."

பாடினாள். அதே பாட்டு, அதே தெலுங்கு, பல்லக்கு தூசி எல்லாம். ஆனால் இப்போது சன்னலில் நிற்பவள் இல்லை. சுற்றிப் போட்டுக் கேட்டால் காற்றாடிச் சத்தம். காற்றாடியை நிறுத்தினேன். வியர்த்துக்கொண்டே மறுபடியும் பாடினாள். சுற்றிப் போட்டால் அடியில் உய்ய் என்று ஓர் இரைச்சல். எங்கிருந்து என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

அம்மா ஈரக் கையோடு வந்து வாசலில் நின்றார். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாரோ.

"டியூப் லைட்டு இரையுது, அது கூடவா தெரியல" என்றார். "மொதல்லேருந்து பாடு."

தாழ்வாரத்து வெளிச்சத்தில் பென்சிலால் எழுதுகிறேன். அக்கா தண்ணீர் குடித்துவிட்டாள், நான் பட்டனில் விரல் வைத்திருக்கிறேன், அம்மாவே விளக்கை அணைத்துவிட்டார்.