கக்கூசுக்காக எழுந்து நின்ற அம்மா

பூனாகலை,
ஞாயிறு காலை.

அன்பு மகள் கேசினிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் சுகம், கோழிகளும் சுகம், மழைதான் விட்டபாடில்லை. டோஹாவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடி இருப்பாய் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். போன் இருக்கக் கடதாசி எதற்கு என்று கேட்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் சிக்னல் போய்விடும், இல்லாவிட்டால் உனக்கு டியூட்டி வந்துவிடும். மொஹிதீன் நானாவின் மருமகன் ரிப்கான் லீவு முடிந்து டோஹாவுக்குத் திரும்புகிறார், அவர் கையில் இதையும் மாசிச் சம்பல் போத்தலையும் கொடுத்துவிடுகிறேன். சம்பலை ரூமில் எல்லோருக்கும் கொடு, கடதாசியை நீ மட்டும் படி.

அம்மா எம்.பி. ஆனதிலிருந்து நம் வீடு பண்டாரவளை பஸ் ஸ்டாண்ட் மாதிரி ஆகிவிட்டது. விடியுமுன் வாசலில் ஆள். ஒருவருக்குப் பிறப்புப் பத்திரம், ஒருவருக்குத் தண்ணீர்க் குழாய், ஒருவருக்கு மருமகளோடு சண்டை. எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றுவது நான். தேயிலைத் தோட்டத்தில் இருந்துகொண்டு தேயிலை தீர்ந்துபோகிற வீடு நம்முடையதுதான். முதல் நாள் பாராளுமன்ற வாசலில் நின்ற காவலர் அம்மாவின் சேலையையும் செருப்பையும் பார்த்துவிட்டு, யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டாராம். யாரையும் பார்க்க வரவில்லை, உள்ளே உட்கார வந்திருக்கிறேன் என்று இவள் சொன்னாளாம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அவள் இவ்வளவு தூரம் வருவாள் என்று யார் நினைத்தது, நானே நினைக்கவில்லை. கூடையைச் சுமந்துகொண்டே சங்கக் கூட்டத்துக்குப் போவாள். அங்கே போட்டோ எடுக்கும்போது பெண்கள் முன்வரிசை, முடிவு எடுக்கும்போது ஆண்கள் மட்டும். ஒருநாள் மைக்கைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிப் பேசினாள், அதற்குப் பிறகு மைக் அவளை விடவில்லை. பெண்களுக்கு ஒதுக்கிய இடத்தில் பிரதேச சபைக்குப் போனாள், இப்போது கொழும்புக்கு. நம் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து ஒரு பெண் அங்கே போனது இதுதான் முதல் தடவை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மலையில் கொழுந்து எடுக்கும் பெண்களுக்குக் கக்கூசு இல்லை என்று அவள் சபையில் பேசப் போவது தெரிந்ததும் கட்சிப் பெரியவர் ஒருவர் எனக்கே போன் பண்ணினார். ரோட்டைப் பற்றிப் பேசட்டும், வீட்டைப் பற்றிப் பேசட்டும், இது வேண்டாம், அசிங்கம், நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள் என்றார். நானும் கொஞ்சம் நாகரிகமாகச் சுற்றி வளைத்துப் பேசலாமே என்று சொல்லிப் பார்த்தேன். அம்மா சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, "ஏங்க, அதுக்குப் போறதுதான் ஒளிஞ்சு போறோம், பேசுறதுக்கும் ஒளியணுமா?" என்றாள்.

மொஹிதீன் நானாவின் கடையில் டிவியில் பார்த்தோம், கடை நிறையச் சனம். அடக்கிக்கொள்வதற்காகப் பெண்கள் தண்ணீரே குடிக்காமல் இருப்பது, சிறுநீரில் நோய் வருவது, அட்டையும் பாம்பும் உள்ள பள்ளத்தில் இறங்குவது எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பின்வரிசையில் ஒருவர் சிரித்தார், அவரைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் சிரித்தார்கள். அம்மா நிறுத்தினாள், ஆனால் உட்காரவில்லை. "கௌரவ உறுப்பினர் சிரிச்சு முடிக்கட்டும், நான் நிக்கிறேன். காலையில இருந்து சாயந்தரம் வரைக்கும் அடக்கிக்கிட்டு நின்னு பழகினவ நான்" என்றாள். அது சிங்களத்தில் மொழிபெயர்ந்து மற்றவர்களின் காதுக்குப் போய்ச் சேரக் கொஞ்சம் நேரம் எடுத்தது. சேர்ந்ததும் சபை அடங்கிப்போனது. கடையில் நானா தேத்தண்ணி ஆற்றுவதை நிறுத்திவிட்டு நின்றார்.

ஆனால் போனில் சுற்றிய வீடியோவில் அந்தச் சிரிப்பு வரைக்கும்தான் இருந்தது, யாரோ வெட்டி, பாட்டும் போட்டிருந்தார்கள். நீ பார்த்ததும் அதைத்தான். ரூம் பிள்ளைகள் கேலி பண்ணுகிறார்கள், அம்மாவுக்குப் பேச வேறு விஷயமே கிடைக்கவில்லையா என்று நீ அனுப்பியதை அம்மா படித்தாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு லீக்ஸ் நறுக்கினாள். கட்சி அடுத்த கூட்டத்தில் அவளுக்குப் பேச நேரம் தராதபோதும் அவள் இவ்வளவு நொந்துபோகவில்லை.

அவள் உன்னிடம் சொல்லமாட்டாள், நான் சொல்கிறேன். நீ வயிற்றில் ஏழு மாதம். ஐந்தாம் நம்பர் மலையில் அடைமழை. ஆம்பிளைகள் நிற்கிறார்களே என்று வெட்கப்பட்டு அடக்கி அடக்கி, முடியாமல் பள்ளத்தில் இறங்கினாள், சறுக்கி விழுந்தாள். பெண்கள் கம்பளியில் கிடத்தித் தூக்கி வந்து கொழுந்து லொறியில் ஏற்றினார்கள். அன்றைக்கே நீ பிறந்தாய், உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி. பிழைப்பாயா என்று டாக்டரே சொல்லவில்லை. அவசரக்காரி, அதுதான் முன்னாலேயே வந்துவிட்டாள் என்று உன்னிடம் சொல்லிச் சிரிப்பாளே, அது உன் மனசு நோகக் கூடாது என்று அவள் கட்டிய கதை. அவள் சபையில் வேறு யாரைப் பற்றியும் பேசவில்லை மகளே, உன்னைப் பற்றித்தான் பேசினாள்.

போன கிழமை நம் மலையில் ஒரு கக்கூசு கட்டி முடித்தார்கள், தண்ணீர் டாங்கியோடு. எல்லா மலைக்கும் இன்னும் வரவில்லை, அதற்கு அவள் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். தோட்டத்து மேலாளர் துரை ரிப்பன் கட்டிக் கத்தரிக்கோலை நீட்டினார். அம்மா அதை வாங்காமல், கூடையோடு நின்ற இராக்கம்மா அக்காவை முதலில் உள்ளே போகச் சொன்னாள். அக்கா போய்விட்டு வெகு நேரம் கழித்து வெளியே வந்தாள். எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். "யோகம்மா, உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்குடி" என்றாள் உன் அம்மாவிடம். அம்மா அழுதுவிட்டாள். அதை யாரும் வீடியோ எடுக்கவில்லை.

மாரியம்மன் துணையில் நீ தீர்க்காயுசோடு இருக்க வேண்டும். ஏசி குளிரில் காதைக் கட்டிக்கொள், தண்ணீர் நிறையக் குடி. வருகிற ஞாயிறு அம்மா வீட்டில்தான் இருப்பாள், எடுத்துப் பேசு. மன்னிப்பெல்லாம் கேட்காதே, கேட்டால் அழுதுவிடுவாள். என்னம்மா சமைச்சீங்க என்று மட்டும் கேள், போதும்.

இப்படிக்கு,
உன் மேல் உயிராக இருக்கும் அப்பா,
அழகுமலை.