திரையின் இடது ஓரம்

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் வாயில்லாப்பூச்சி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அங்கே குளிர் குறைந்ததா, உன் இருமல் விட்டதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். நீ அனுப்பிய பொட்டலம் வந்து சேர்ந்தது. நன்றி அண்ணா. சண்டைப்பட நாயகன் உருக்கு நடித்த படத்தின் புது டிஸ்க்கை எனக்கென்று தேடி வாங்கி அனுப்ப உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? தண்ணீர்த் தொட்டி மேல் அவர் கைகட்டி நிற்கும் அட்டையைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீடியோ கடையில் என் வேலை நன்றாகப் போகிறது. வாடகைக்குப் போய்த் திரும்பும் டிஸ்க்குகளை மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைத்து, அதனதன் உறையில் போடுகிறேன். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மூலையில் உட்கார்ந்து அழுதவளுக்கு நீதான் முதலாளியிடம் பேசி இந்த வேலையை வாங்கிக் கொடுத்தாய். திரைச்சீலைக்குப் பின்னால் வேலை. யாரோடும் பேச வேண்டியதில்லை. அதற்கும் நான் உனக்கு நன்றி சொன்னதே இல்லை.

அப்பா பேச்சு இல்லாமல் எழுது என்று போன கடிதத்தில் சொல்லியிருந்தாய். இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையில் உருக்கு ரசிகர்கள் கூடுவது உனக்குத் தெரியும். சலூன்கார அண்ணன், வேன் டிரைவர், முதலாளி மூவரும் இன்னும் அதே சண்டையைத்தான் போடுகிறார்கள். சந்தைக்கு நடுவே உருக்கு தொட்டி மேலிருந்து குதிக்கிறார் அல்லவா? பழைய வீடியோ கேசட்டில், தரைக்கு வரும்போது இடது பக்கமாக ஒரு நொடி படத்தை விட்டே காணாமல் போய், மறுபடி நிமிர்ந்து நடந்து வருவார். அந்த நொடியில் எங்கே போகிறார் என்பதுதான் சண்டை. “அவரு வேகத்துக்கு கேமராவால ஈடு கொடுக்க முடியல, அவ்வளவுதான்” என்பது டிரைவரின் கட்சி. “கீழ மெத்தை இருக்கும்யா, நீ ஒரு ஆளு” என்பது சலூன்கார அண்ணனின் கட்சி.

நம் வீட்டில் டிஸ்க் பிளேயர் இல்லாததால் நீ அனுப்பிய டிஸ்க்கைக் கடைக்கு எடுத்துப் போயிருந்தேன். போட்டதும் சலூன்கார அண்ணன், “என்னய்யா மேலயும் கீழயும் கறுப்பா இருக்கு, டிவி போச்சா?” என்றார். முதலாளி சிரித்தார். தியேட்டரில் படம் அகலமாக இருக்கும், பழைய டிவிக்குள் அடைக்கக் கேசட்டில் இரண்டு பக்கமும் வெட்டிவிட்டார்கள், இந்த டிஸ்க்கில் வெட்டாமல் முழுசாகக் கொடுத்திருக்கிறார்கள் என்று விளக்கினார்.

குதிக்கிற இடம் வந்தது. இந்த முறை உருக்கு எங்கும் காணாமல் போகவில்லை. இடது ஓரத்தில் ஒரு மெத்தை தெரிந்தது. அவர் அதன் மேல் விழவில்லை, ஒரு கை தள்ளி விழப்போனார். அப்போது சந்தைக் கூட்டத்தில் ஒருவரைப் போல நின்ற, கோடு போட்ட சட்டைக்காரர் ஓடிவந்து தோளைக் கொடுத்தார். உருக்கு அந்தத் தோளில் விழுந்து, அதையே ஊன்றி நிமிர்ந்து நடந்தார். சட்டைக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“நிறுத்து, நிறுத்து. பின்னால போ” என்று டிரைவர் கத்தினார். “யாருய்யா அந்தாளு? நம்ம உருக்கைத் தாங்க ஒரு ஆளா?” என்று அவருக்குக் கோபம். தியேட்டரில் பார்த்தபோது இது தெரியவில்லையே என்றார் சலூன்கார அண்ணன். “தியேட்டர்ல நீ அவரைப் பார்த்தியா, ஓரத்தைப் பார்த்தியா?” என்று முதலாளி மடக்கினார்.

நான் திரைச்சீலையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். “அது எங்கப்பா” என்றேன். முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்து, “உனக்குப் பேசக்கூட வருமா?” என்றார்.

படப்பிடிப்பில் மெத்தை தூக்கும் கூலி வேலைக்குப் போன நாளில் உருக்கு தன் தோள்மேல் விழுந்தார், அன்றிலிருந்துதான் வலது கை மேலே எழவில்லை என்று அப்பா சொல்லாத ஆள் இல்லை. நீயும் நம்பித்தான் பள்ளிக்கூட நண்பர்களை வரவழைத்துக் கேசட்டைப் போட்டுக் காட்டினாய். அதில் அப்பா இல்லை. அவர்கள் சிரித்ததை நீ மறக்கவில்லை. நீ வெளிநாடு கிளம்பிய அன்று வாசலில் வைத்து, “வேலைக்குப் போகாம இருக்க ஒரு சாக்கு, அதுக்கு ஒரு சினிமாக் கதை” என்றாயே, அதை அப்பாவும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கதை அவர் வாயிலிருந்து வரவே இல்லை.

சலூன்கார அண்ணன்தான் ஓடிப்போய் அப்பாவைக் கூட்டி வந்தார். தெருவில் அவரை “சினிமாக்காரரே” என்று கூப்பிட்டுக் கேலி செய்தவரும் அவர்தான். அப்பா நாற்காலி நுனியில் உட்கார்ந்து பார்த்தார். தன்னைப் பார்க்கவே இல்லை. உருக்கு நடந்து போகிற இடத்தை மட்டும் மறுபடி போடச் சொன்னார். “அவருக்குக் கால் மடங்கிடுச்சோன்னு அன்னைக்கே பயந்தேன். இல்ல, நல்லாத்தான் நடக்குறாரு” என்றார். டிரைவர் எழுந்து வந்து அப்பாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டார். “இனிமே உங்களுக்கு முடிவெட்ட நான் காசு வாங்க மாட்டேன்” என்று சலூன்கார அண்ணன் சொல்ல, “வெட்டுறதுக்கு தலையில என்னய்யா இருக்கு?” என்றார் அப்பா. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் சிரித்துப் பார்த்தேன் அண்ணா.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா எண்ணெயை எடுத்துக்கொண்டு அப்பாவின் தோளருகே உட்கார்ந்தாள். “இத்தனை வருஷமா தேய்ச்சேன். ஆனா நம்பித் தேய்க்கல” என்று சொல்லி அழுதாள், சிரித்தாள்.

டிஸ்க்கின் அட்டையைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே அப்பா என்னிடம் ஒன்றுதான் கேட்டார். “அவன் பார்த்தானா?”

எனக்குத் தெரியாது என்றேன். அப்போது நிஜமாகவே தெரியாது. படுத்த பிறகுதான் உறைத்தது. பொட்டலத்தைப் பிரித்தபோது டிஸ்க்கின் மேல் பிளாஸ்டிக் சுற்று இல்லை. டிஸ்க்கின் பளபளப்பான பக்கத்தில் ஒரு விரல் தடம் இருந்தது. கை பழக்கத்தில் நடுவிலிருந்து விளிம்புக்குத் துடைத்துவிட்டேன். கடைக்கு வருகிற புது டிஸ்க் எதிலும் விரல் தடம் இருக்காது. போட்டுப் பார்த்த டிஸ்க்கில்தான் இருக்கும்.

இதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் கேட்டது உன்னைப் பற்றி, பதிலை நீதான் சொல்ல வேண்டும். நீ அனுப்பியது எனக்கு மட்டும் அல்ல என்பது எனக்குப் புரிந்துவிட்டது. அதற்காகத்தான் இந்தக் கடிதம் முழுக்க நன்றியாக இருக்கிறது.

இனி ஒவ்வொரு ஞாயிறு மதியமும் கடையில் இந்தப் படம்தான். அப்பாவுக்கு டிவிக்கு நேர் எதிரே நாற்காலி. கடை டெலிபோன் அவர் இடது கைக்கு எட்டும் இடத்தில்தான் இருக்கிறது. மணி அடித்தால் நான் எடுக்க மாட்டேன். எனக்குத்தான் பேச வராதே.

இருமலுக்கு வெந்நீர் குடி. கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ. நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

உன் குரலுக்காகக் காத்திருக்கும்,
தங்கை