தோராவின் ஏழாம் மனையில் ஏர் இறங்கக் கூடாது

அனுப்புநர்:
சிக்னே ஹௌக்லான்,
நீல்ஸ் ஹௌக்லானின் விதவை,
கிணற்றடி வீடு, பழைய லின்டால்,
மினசோட்டா.

பெறுநர்:
மாவட்ட ஆணையர் குழுத் தலைவர் அவர்கள்,
மாவட்ட நீதிமன்றக் கட்டடம்.

பொருள்: பழைய லின்டால் ஊரின் மனைத் திட்டத்தை ரத்து செய்ய என்னிடம் ஏமாற்றி வாங்கப்பட்ட கையெழுத்து குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஒன்பது குடும்பங்கள் சேர்ந்து இந்த ஊரை அமைத்தோம். மரமே இல்லாத புல்வெளி. முதல் குளிர்காலத்தை மண்கட்டி வீடுகளில் கழித்தோம். ஊரில் முதலில் பிறக்கும் குழந்தைக்கு ஒரு மூலை மனை இலவசம் என்று அப்போது எல்லோருமாகத் தீர்மானித்தோம். முதலில் பிறந்தவள் என் மகள் தோரா. ஏழாம் எண் மனை அவள் பெயரில் தங்கள் அலுவலகப் பதிவேட்டிலேயே இருக்கிறது.

2. மூன்று வயதில் தொண்டை அடைப்பான் நோய் அவளைக் கொண்டுபோயிற்று. அன்று தேவாலயமும் இல்லை, கல்லறைத் தோட்டமும் இல்லை. அவளுடைய மனையிலேயே அவளைப் புதைத்தோம். பின்னர் இறந்தவர்களையும் அவளுக்குத் துணையாக அங்கேயே வைத்தோம். என் கணவரும் அங்கேதான் இருக்கிறார்.

3. சென்ற ஆண்டு ரயில் பாதை எங்கள் ஊரைத் தொடாமல் நான்கு மைல் தள்ளிப் போயிற்று. ரயில் வராத ஊரில் கோதுமையை யாரிடம் விற்பது? ஊரையே ரயிலடிக்கு இழுத்துப் போவதென்று முடிவாயிற்று. நானும் சம்மதித்தேன். இதில் எனக்குக் குறையில்லை.

4. டிசம்பரில் பனி இறுகியதும் வீடுகளுக்கு அடியில் மரச்சட்டம் கொடுத்து, எருதுகளைப் பூட்டி இழுத்தார்கள். என் இரண்டு ஜோடி எருதுகளையும் கொடுத்தேன். தேவாலயம் போன அன்று கொல்லர் குனூட், "நம்ம பாதிரியாரைவிட கோயில் வேகமா நடக்குதே!" என்று கத்தினார், பாதிரியாரே சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போது எரிச்சலாக இருக்கிறது.

5. நார்வேயிலிருந்து வந்து குடியேறிய எங்களில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர் ஆஸ்முன் லியென் ஒருவரே. ஊரின் காகிதமெல்லாம் அவர் கையில்தான். அவர் என்னிடம், "அக்கா, உங்க வீடு கிணத்தடியில இருக்கு. நீங்க கடைசியா வாங்க. இழுக்கிற ஆளுங்களுக்குச் சூடா காபி குடுக்க ஒரு அடுப்பு வேணுமில்ல?" என்றார். ஒன்பது வாரம் காபியும் பட்டாணிக் கஞ்சியும் லெஃப்சே ரொட்டியும் கொடுத்தேன். குறை சொல்லாமல் கொடுத்தேன்.

6. ஜனவரியில் அவர் ஒரு காகிதம் கொண்டுவந்தார். என்னவென்று கேட்டேன். "வீடு இழுக்கிற வரிசைக்குத்தான் அக்கா. படிக்க இதுல என்ன இருக்கு? கீழ ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றார். என் மகளை அடக்கம் செய்த அன்று பாதிரியார் இல்லாமல் ஜெபம் படித்தவர் அவர். அவரை நான் எப்படிச் சந்தேகிப்பேன்? போட்டேன்.

7. பிப்ரவரி கடைசியில் பனி உருகி, இனி வீடு இழுக்க வழியில்லாமல் போயிற்று. என் வீடு மட்டும் இங்கேயே நிற்கிறது. புது ஊர்க் கடைச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை, அங்கே புதிதாக வந்திருக்கும் பள்ளி ஆசிரியை மிஸ் ஃபார்னம் வந்து சொன்னபோதுதான் விஷயம் தெரிந்தது. மனைக்காரர்கள் அனைவரும் கையெழுத்திட்டுப் பழைய ஊரைக் கைவிட்டார்களாம். நிலம் முழுவதும் லியெனின் கோதுமை வயலாகிறதாம். மார்ச் இருபதாம் தேதி தங்கள் குழு ஒப்புதல் தருமாம்.

8. நேரே போய்க் கேட்டேன். கடையில் பத்துப் பேர் முன்னால், "நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க? உங்க கையப் பிடிச்சு நானா எழுதினேன்?" என்றார். பத்துப் பேரும் என் காபியைக் குடித்தவர்கள். குனூட் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

9. ஒன்றை மட்டும் தாங்கள் கவனிக்க வேண்டுகிறேன். லியெனின் தகப்பனாரும் ஏழாம் மனையில்தான் அடக்கமாகியிருந்தார். மண் உறையும் முன்பே, அக்டோபரில், அந்தப் பெட்டியை மட்டும் தோண்டி எடுத்துப் புது ஊருக்குக் கொண்டுபோனார். பெற்றவர் மீது எவ்வளவு பாசம் என்று நாங்கள் மெச்சிக்கொண்டோம். எங்கே ஏர் ஓடப்போகிறது என்பது அவருக்கு அப்போதே தெரியும். எஞ்சிய ஆறு பேரின் வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் வீட்டை இழுக்காமல் விட்டதைக்கூட மன்னித்துவிடுவேன். இதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

10. என் வீட்டை இழுத்துத் தரும்படி நான் கேட்கவில்லை. இனி அவர்கள் நடுவில் போய் வாழ எனக்கு விருப்பமும் இல்லை. நான் கையெழுத்திட்டது உண்மை. அது என் மனையோடு போகட்டும். ஆனால் ஏழாம் மனைக்குச் சொந்தக்காரி நான் அல்ல. தாங்கள் அருள்கூர்ந்து தங்கள் பதிவேட்டையும் லியென் கொடுத்த காகிதத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இந்த ஊரில் முதலில் பிறந்தவள் அதை விட்டுப்போகச் சம்மதித்ததாக எங்கும் இல்லை. தோரா கையெழுத்திடவில்லை.

ஆகவே, இருபதாம் தேதிக்கு முன் ஏழாம் மனையை இந்த ரத்திலிருந்து பிரித்து நிறுத்தி, அங்கே ஏர் இறங்காமல் ஆணையிடுமாறு மன்றாடுகிறேன்.

நான் சொல்லச் சொல்ல இம்மனுவை ஆங்கிலத்தில் எழுதியவர் மிஸ் ஃபார்னம். ஒவ்வொரு வரியையும் எனக்கு இரண்டு முறை திருப்பிச் சொன்னார். அதன் பிறகே கீழே என் பெயரை எழுதுகிறேன்.

இடம்: பழைய லின்டால்
நாள்: 6 மார்ச் 1882

இப்படிக்கு,
சிக்னே ஹௌக்லான்
தோராவின் தாய்